லொறிக்காரர்களிடம் சாப்பாடு விசாரித்த இயந்திரம்

என் மகள் இத்தாவில் இருந்தபோதுதான் அந்த இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தது. வந்தது என்று சொல்வதும் சரியில்லை. அதற்குக் கால் இல்லை, உடம்பு இல்லை. மேசையில் இருந்த கம்பியூட்டருக்குள் எப்படியோ இறங்கியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்க என்னால் ஏலாது. பார்த்ததை எழுதுகிறேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

மருமகன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, நெஞ்சு நோகிறது என்று படுத்தவர் எழும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. மகள் வெள்ளைச் சீலை உடுத்திக்கொண்டு உள் அறையில் இருந்தாள். கணவனை இழந்த பெண் எங்கள் ஊர்களில் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா என்று அப்படித்தான் இருப்பாள். வெளியே போவதில்லை. பிற ஆண்களின் முன்னால் வருவதில்லை. தேவையில்லாமல் அவர்களோடு கதைப்பதுமில்லை. என்னுடைய மனுஷன் போனபோது நானும் இருந்தேன். எனக்கு அது கடினமாக இருக்கவில்லை. நான் இயல்பாகவே ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்காதவள். வீட்டுக்கு யாராவது வந்தால் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மகள் அப்படியில்லை. சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லின் கந்தோரில் வேலை பார்த்தாள். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் இரண்டு பேருடைய வயிறும் நிரம்பியது. மருமகனின் மவுத்து விழுந்தது பெரும்போக அறுவடை தொடங்கிய நேரத்தில். மில் முதலாளி ஹாஜியார் கெட்டவர் இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். வீட்டிலிருந்தபடியே வேலையைச் செய்ய ஏலுமென்றால் அவளுடைய கதிரை அவளுக்குத்தான். ஏலாவிட்டால் அவர் வேறு ஆள் போடத்தான் வேண்டும். அறுவடை யாருக்காகவும் நிற்காது. அது நியாயம்தானே.

வேலை என்னவென்றால், மில் ஆட்கள் எல்லோருக்கும் போனில் ஒரு குழு இருந்தது. லொறி றைவர்கள் வயல் வட்டைகளில் நெல் ஏற்றியதும் அதில் சொல்லுவார்கள். எத்தனை மூட்டை, யாருடைய நெல், எங்கே நிற்கிறோம், எத்தனை மணிக்கு வருவோம். யாரும் எழுதமாட்டார்கள். எல்லாம் வொய்ஸ்தான். மகள் அதைக் கேட்டுக் கம்பியூட்டரில் இருக்கும் அட்டவணையில் பதிந்து, எந்த ஸ்டோரில் எப்போது இறக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் பதில் போடவேண்டும். அறுவடைக் காலத்தில் அந்தப் போன் கொதிக்கிற பானை மாதிரி ஓயாமல் சத்தம் போடும்.

முதல் கிழமை, ஏழு நாளும், அவளே செய்தாள். நாள் முழுக்க ஆண்களின் குரல் அந்த அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அது எனக்கும் பிடிக்கவில்லை, அவளுக்கும் பிடிக்கவில்லை. அதிலும் ஒரு றைவரின் குரல் மருமகனின் குரலைப் போலவே இருந்தது. அவருடைய வொய்ஸ் வந்தால் மகள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த லொறி மில் வாசலில் காத்துக் கிடக்கும். ஹாஜியாரிடமிருந்து ஏன் தாமதம் என்று கேள்வி வரும்.

பிறகு ஒருநாள் காலை, பிளேன்டீயைக் கொண்டு அறைக்குள் போனேன். மகள் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். இரண்டு கையும் மடியில் கிடந்தன. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. ஓர் இடத்தில் போய் நின்றது. அமத்தியது. வேறொரு பக்கம் திறந்தது. கட்டங்களுக்குள் எழுத்து ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. நான் கோப்பையை வைக்க மறந்து நின்றேன்.

“புள்ள, உன்ட கை மடியில கிடக்கு. அத ஆரு நகத்துற?”

“அதுவாத்தான் உம்மா.”

“றப்பே! ஜின் கின் ஏதும் இல்லையே?”

“ஜின் இல்ல உம்மா, ஏஜென்ட்.”

“ஏஜென்ட் எண்டா வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஆக்கள்தானே? அவங்களுக்கு இஞ்ச என்ன வேல?”

மகள் என்னைப் பார்த்தாள். பழைய நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

“இது ஏஐ உம்மா. வேலைய நான் தமிழில எழுதிச் சொல்லிட்டன். இந்த பிரவுசருக்குள்ள நான் செய்ற எல்லாம் அதுவும் செய்யும். குழுவத் திறக்கும், வொய்ஸக் கேக்கும், அட்டவணையில பதியும், பதில் எழுதும். அனுப்ப முந்தி எனக்கிட்டக் கேக்கும்.”

கேட்கத்தான் செய்தது. பதிலை எழுதிவிட்டு, அனுப்பட்டுமா வேண்டாமா என்று காத்து நின்றது. அவள் ஓம் என்று அமத்தியதும் அனுப்பியது. ஏவின வேலையைச் செய்வதைவிட, அது நின்று கேட்டதுதான் எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது.

அதற்குப் பிறகு ஏதாவது சாட்டு வைத்து அந்த அறைக்குள் போவேன். கூட்டுகிற சாட்டு, சீலை மடிக்கிற சாட்டு. கட்டில் ஓரத்தில் இருந்து அதைப் பார்ப்பேன். லொறி இரைச்சலுக்கும் ஹோர்ன் சத்தத்துக்கும் நடுவில் றைவர்கள் கத்திச் சொல்வதை, அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வதை, அது சுத்தமான எழுத்தாக்கி வைத்தது. ஒரு தரம் ஒரு றைவர் தான் ஏற்றிய மூட்டைக் கணக்கைச் சொன்னார். அது பதியவில்லை. நின்றுவிட்டது. இந்த லொறி இதுவரைக்கும் இவ்வளவு மூட்டை கொண்டுவந்ததில்லை, சரிதானா என்று மகளிடம் கேட்டது. விசாரித்தால், அந்த மனுஷன் இரண்டு நடையைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நான் வாயில் கை வைத்துக்கொண்டேன். எங்கோ ஒரு வட்டையில் சேற்றில் நிற்கிற லொறியின் கொள்ளளவு இதற்கு எப்படித் தெரியும்? பழைய கணக்கையெல்லாம் வாசித்திருக்கிறது என்றாள் மகள். எல்லாவற்றையுமா? எல்லாவற்றையும்தான். எப்போது வாசித்தது? அவள் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்யப் போய் வருவதற்குள்.

அல்லாஹ் மனிதருக்கு அறிவைக் கொடுத்தான். மனிதர் அதில் ஒரு துளியை எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தத் துளியே இப்படியென்றால் என்று நினைத்துக்கொண்டே சீலையை மடிப்பேன். மடித்ததையே திரும்பவும் மடிப்பேன்.

கொஞ்ச நாளில் மகளுக்கு அதன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வழமையான பதில்களை நீயே அனுப்பு, புதிதாக ஏதாவது வந்தால் மட்டும் என்னைக் கேள் என்று சொல்லிவிட்டாள். எழுதும்போது நான் எழுதுகிற மாதிரி எழுது, என் பழைய செய்திகளைப் பார்த்துக்கொள் என்றும் சொல்லியிருக்கிறாள். மொட்டையாக எழுதினால் எங்கள் ஆட்கள் மனம் நோவார்கள். சலாத்துக்குப் பதில் சொல்லவேண்டும், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடவேண்டும். அந்த மரியாதை போகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள். பிறகு அவள் குர்ஆன் ஓதினாள், தூங்கினாள், சில நேரம் அழுதாள். லொறிகள் நேரத்துக்கு வந்து இறங்கிப் போயின. ஹாஜியாரிடமிருந்து கேள்வி வருவது நின்றது.

ஒருநாள் முற்பகலில் மகளின் மதினி வந்தாள். மருமகனின் மூத்த சகோதரி. வாசலிலேயே குரல் கேட்கிற பெண். அவளோடு இன்னொரு பெண்ணும் வந்தாள். மில் றைவர் ஒருவரின் மனைவி, மதினிக்குப் பக்கத்து வீடு. அந்தப் பெண் என்னைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நான் கதிரை எடுத்துப் போட்டேன். மதினி அதில் இருக்கவில்லை.

“மாமி, உங்கட மகள் இத்தா இரிக்காவா, இல்ல லொறிக்காரனுகளுக்கு விருந்து வெக்காவா?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பெண் தன் கணவரின் போனில் வந்த குழுச் செய்திகளை இரவில் தன் போனுக்கு அனுப்பி வைத்திருந்தாள். மதினி அந்தப் போனை வாங்கி உள் அறைக்குள் போனாள். நாங்களும் பின்னால் போனோம். மகள் கட்டிலில் இருந்து எழும்பினாள்.

“இத வாசி கா. நீயே சத்தமா வாசி.”

மகள் வாசித்தாள். “வஅலைக்குமுஸ்ஸலாம் நானா. மூட்டைக் கணக்குப் பதிந்தாச்சு. மூன்று மணிக்கு இரண்டாம் ஸ்டோருக்கு வாங்க. சாப்பிட்டீங்களா நானா?” கடைசிச் சொல்லில் குரல் இறங்கிவிட்டது.

“மேல தள்ளிப் பாரு. இது நேத்து. முந்தாநேத்தும் இரிக்கி. இவட மாப்பிள்ளைக்கு மட்டுமில்ல, எல்லா றைவர்மாருக்கும். ஒருத்தரயும் விடல்ல. என்ட தம்பி மையவாடியில கிடக்கான். நீ இஞ்ச வெள்ளச் சீலையோட இரிந்துகொண்டு ஊர் ஆம்புளையள்ட பசி பாக்காய்!”

மற்றப் பெண் தலை நிமிராமலே சொன்னாள். “பொண்டாட்டி நானே ஒவ்வொரு நாளும் கேக்கிறல்ல.”

மகளின் முகம் அவளுடைய சீலையைவிட வெளுத்துவிட்டது. “இது நான் எழுதல்ல மதினி.”

“உன்ட பேரு போட்டிரிக்கி.”

“பேரு என்ட பேருதான். எழுதினது அது.” மேசையைக் காட்டினாள்.

மதினி கம்பியூட்டரையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். “கம்பியூட்டருக்கு என்னகா தெரியும் மனிசன்ட பசி? பொய் சொல்றத்துக்கும் ஒரு அளவு வேணும். ஊருக்குள்ள என்ன கதை போகுது எண்டு உனக்குத் தெரியுமா? என்ட மாப்பிள்ள ஹாஜியாருக்கும் சொல்லிட்டாரு. அவரு இண்டைக்கு அஸருக்குப் பொறகு கோல் எடுப்பாரு. வேலைய விடுறன் எண்டு நீயே மரியாதையாச் சொல்லிடு. எங்கட தம்பிர பேரக் காப்பாத்து.”

 எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் கேட்கும் என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது. வேலை போனால் எங்களுக்கு அடுத்த மாதம் இல்லை. வேலையை வைத்துக்கொண்டால் அவளுடைய பேர் இல்லை. இரண்டையும் அந்தச் சின்ன அறைக்குள் நிறுத்திவிட்டு மதினி மூச்சு வாங்கினாள்.

அப்போது பள்ளியில் மத்தியான லுஹர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். மகள் போய் உளூச் செய்துவிட்டு வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் தொழுகைப் பாயை விரித்தாள். தக்பீர் கட்டித் தொழத் தொடங்கிவிட்டாள். மதினி கிறுகி வாசல் பக்கம் போகப் பார்த்தாள்.

எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கதிரையை இழுத்துக் கம்பியூட்டருக்கு முன்னால் போட்டேன். 

“மகள், இதில இரிந்து பாருங்க” என்றேன் மதினியிடம். “அவ தொழட்டும். நீங்க இதப் பாருங்க.”

அவளுக்கு நான் சொன்ன ஆகப் பெரிய வசனம் அதுதான். அந்த ஆச்சரியத்திலேயே அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் திரை சும்மா கிடந்தது. மதினி உதட்டைப் பிதுக்கினாள். நான் மனதுக்குள் ஓதிக்கொண்டே நின்றேன். பிறகு குழுவில் ஒரு வொய்ஸ் வந்தது. அம்புக்குறி அசைந்தது. மதினி அந்தரித்துப்போய்க் காலைக் கதிரையின் மேல் தூக்கிக்கொண்டாள், எலியைக் கண்ட மாதிரி. வொய்ஸில் சொன்னது எழுத்தாக வந்தது. சம்மாந்துறைச் சந்தியைத் தாண்டிவிட்டேன், கீரி சம்பா கொண்டு வருகிறேன், எந்த ஸ்டோர் என்று கேட்டிருந்தார்.

“இவரு எங்கட இவரு” என்றாள் மற்றப் பெண், மிக மெல்லமாக.

அம்புக்குறி அட்டவணைக்குப் போனது. கட்டங்கள் நிறைந்தன. ஸ்டோர்ப் பக்கத்தைத் திறந்து இடம் இருக்கிறதா என்று பார்த்தது. திரும்பிக் குழுவுக்கு வந்தது. எழுதத் தொடங்கியது. மதினி வாய் அசைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். சலாம். கணக்குப் பதிந்தாச்சு. முதலாம் ஸ்டோர். அதற்கடுத்த எழுத்துகள் வரத் தொடங்கியபோது அவள் திரும்பிப் பார்த்தாள். என் மகள் ஸுஜூதில் இருந்தாள். நெற்றி பாயில் கிடந்தது. இரண்டு உள்ளங்கையும் பாயில் கிடந்தன. மதினி திரையைப் பார்த்தாள். *சாப்பிட்டீங்களா நானா?* திரும்பவும் மகளைப் பார்த்தாள். அந்தக் கைகளையே பார்த்தாள். அதற்குள் அந்தக் கேள்வி போய்விட்டது.

 மில்லுக்குப் போகிற வழியில் எங்கேயோ ஒரு லொறிக்குள் இருந்த மனுஷன் பதில் சொன்னார். அதுவும் எழுத்தாக வந்து விழுந்தது.

“ஓம் தங்கச்சி, வீட்டுச் சோறுதான். பொஞ்சாதி மீனாணம் ஆக்கிக் கட்டித் தந்த. நல்லா இரிந்திச்சு.”

அந்தப் பெண் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் சிரித்ததா, கலங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது. “எனக்கிட்ட ஒரு நாளும் சொன்னல்ல” என்றாள்.

“சுபுஹானல்லாஹ்” என்றாள் மதினி. எழும்பி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கம்பியூட்டரின் முதுகைத் தடவினாள். “சுபுஹானல்லாஹ். இதுக்குள்ள ஒருத்தரும் இல்லையே மாமி?”

மகள் தொழுது முடித்து, வலம் இடம் சலாம் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அவள் மேசைக்கு முன்னால் இருந்து பழைய செய்திகளையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்தாள். போன வருஷம் மத்தியான நேரங்களில் அவளே எல்லோரையும் கேட்டிருக்கிறாள். வெயில் ஏறிய பிறகு கதைத்தால் முதலில் சாப்பாட்டை விசாரிப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கேட்பவரும் நினைத்துக் கேட்பதில்லை, சொல்பவரும் நினைத்துச் சொல்வதில்லை. மருமகன் போன பிறகு அவள் கேட்கிறதை விட்டுவிட்டாள். இயந்திரத்துக்கு அந்த மவுத்து தெரியாது. பழக்கம் மட்டும் தெரிந்திருந்தது. ஒரு நாளும் மறக்காமல், ஒருவரையும் விடாமல் அதைச் செய்திருக்கிறது.

மகள் எழுதினாள். இனிமேல் யாரிடமும் சாப்பாடு விசாரிக்கவேண்டாம். நான் இத்தாவில் இருக்கிறேன், என் பெயரில் எழுதவும் வேண்டாம். நீ யார் என்பதைச் சொல்லியே எழுது.

பதில் உடனே வந்தது. அதை அவள் சத்தமாக வாசித்தாள். “சரி, நிறுத்திவிடுகிறேன். உங்கள் பழைய செய்திகளைப் பார்த்து அப்படி எழுதினேன். உங்களுக்குச் சங்கடம் வந்ததற்கு வருந்துகிறேன். ஒன்று கேட்கவேண்டும். றைவர்கள் சலாம் சொன்னால் நான் பதில் சலாம் சொல்லலாமா? அல்லது அது மனிதர்கள் மட்டும் சொல்லவேண்டியதா?”

மதினி நெஞ்சில் கை வைத்தாள். “அது மசாலா கேக்குது கா!”

மார்க்கச் சட்டத்தில் வரும் கேள்வியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். 

“சலாத்துக்குப் பதில் சொல்றது கடமை” என்றாள் மதினி.

“மனிசருக்குத்தானே கடம” என்றாள் மற்றப் பெண்.

“அப்ப பதில் இல்லாம விடுறயா? உன்ட மாப்பிள்ள சலாம் சொல்லித்து வாயப் பாத்துக்கொண்டு இரிக்கிறயா?”

“அவருக்கு மனசு நோகும்.”

“அதத்தானே நானும் சொல்றன்.”

“மௌலவிட்ட ஆளனுப்பிக் கேப்பம்.”

“அதுவரைக்கும் லொறி நடு றோட்டில நிக்குமா?”

மகள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். நீ சொல்லவேண்டாம். யார் யார் சலாம் சொன்னார்கள் என்று சேர்த்து வைத்து எனக்குச் சொல். நான் இங்கிருந்து பதில் சொல்லிக்கொள்கிறேன். அவர்களுக்கு, சலாத்தைச் சேர்த்துவிடுகிறேன் என்று மட்டும் எழுது.

மதினி அதை இரண்டு தரம் வாசித்தாள். மகளின் கதிரையை ஒட்டிக் கட்டிலில் போய் இருந்தாள். வந்ததிலிருந்து அவள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

நடந்ததை மகள் ஹாஜியாருக்கு எழுதி அனுப்பியிருந்தாள். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அவருடைய கோல் வந்தது. மகள் கதைக்க ஏலாது. போனை என் கையில் தந்தாள். நான் பிற ஆண் ஒருவரோடு போனில் கதைத்ததில்லை. காதில் வைத்தேன்.

“உம்மா, அந்த மெசேஜெல்லாம் மெசின்தான் எழுதுதாம் எண்டு புள்ள எழுதியிருக்கு. நீங்க பாத்தயளா?”

“ஓம்” என்றேன்.

“கண்ணால பாத்தயளா?”

“ஓம்.”   என்னுடைய இரண்டு ஓமை வைத்து அவர் என்ன முடிவு எடுப்பார்?

மதினி போனைப் பறித்துவிட்டாள். “அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியார், நான் அவட மதினி கதைக்கன். செத்தவன்ட ராத்தா. வல்லாஹி, ரெண்டு கண்ணாலயும் பாத்தன். அவ ஸுஜூதுல கிடக்கா, அது எழுதுது! கை பாயில கிடக்கு ஹாஜியார், கை! என்ட மாப்பிள்ள உங்களுக்குச் சொன்னது நான் சொல்லிக் கொடுத்த கதை. அது பிழ. நான் இப்ப மாத்திச் சொல்றன். இதுக்கு மேல ஆரும் வாய் திறந்தா எனக்கிட்ட அனுப்புங்க.”

அவள் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினாள் என்று இப்போது நினைக்கிறேன். ஹாஜியார் சிரித்தது எனக்கும் கேட்டது. கதிரை அவளுடையதுதான் என்றார். ஆனால் குழுவில் எல்லோருக்கும் விளங்கவேண்டும், அந்த மெசினையே சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

மகள் சொன்னாள். இயந்திரம் எழுதியது. அனுப்பட்டுமா என்று கேட்டது. அவள் ஓம் என்றாள்.

“எல்லோருக்கும் வணக்கம். நான் மனிதர் இல்லை. மில் கந்தோரின் வேலைகளைச் செய்யும் ஏஐ. இந்தக் கிழமைகளில் உங்களுக்குப் பதில் எழுதியதும், சாப்பிட்டீர்களா என்று கேட்டதும் நான்தான். கந்தோர்ப் பொறுப்பாளர் இத்தாவில் இருக்கிறார். அவர் உங்களோடு கதைக்கவில்லை. தவறாக விளங்கும்படி எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.”

குழு அமைதியாகக் கிடந்தது. ஓயாமல் சத்தம் போடுகிற குழு.  அத்தனை ஆண்பிள்ளைகளும் எங்கெங்கோ வண்டியை ஓரங்கட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். தங்களைத் தினமும் விசாரித்தது யார் என்று தெரிந்தால் ஒருவருக்கு எப்படி இருக்கும்? நான்கூட அந்த நேரம் அவர்களுக்காகக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

பிறகு ஒரு வொய்ஸ் வந்தது. எழுத்தாக விழுந்தது.

“அப்ப நீ சாப்பிட்டயா?”

இயந்திரம் எழுதியது: “நான் சாப்பிடுவதில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இரண்டாம் ஸ்டோர் காலியாக இருக்கிறது.”

முதலில் சிரித்தது அந்தத் தலைகுனிந்த பெண். முக்காட்டுக்குள்ளிருந்து கிக்கென்று ஒரு சத்தம். அதைக் கேட்டு மதினி வெடித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. நாங்கள் நிமிர்ந்து பார்த்தால் மகளும் சிரிக்கிறாள். மவுத்து விழுந்த பிறகு அந்த வீட்டில் அவள் குரல் அப்படி எழும்பியதில்லை. மதினி தன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். நாங்கள் பயந்த மாதிரி அந்தச் சிரிப்பு அழுகையாக மாறவில்லை. சிரிப்பாகவே முடிந்தது.

அந்த வாரத்துக்குள் ஊரில் கதை மாறிவிட்டது. மாற்றியது மதினிதான். எந்த வீடுகளில் முதல் கதையைச் சொன்னாளோ அந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனாள். பெண்கள் இயந்திரத்தைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். வாசலில் செருப்பு நிறைந்துவிடும். நான் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். அவர்கள் வாயைப் பிளக்கும்போது எனக்கும் முதல் நாள் போலவே இருந்தது. பழகவில்லை. இப்போதும் பழகவில்லை.

அறுவடை முடியும்வரை ஒவ்வொரு நாளும் பொழுது படுகிற மஃரிபுத் தொழுகைக்கு முந்தி இயந்திரம் மகளிடம் சொல்லும், இன்றைக்குச் சலாம் சொன்னவர்கள் இன்னார் இன்னார் என்று. அவள் அதை வாசிப்பாள். திரை போட்ட யன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் உதட்டுக்குள் வஅலைக்குமுஸ்ஸலாம் என்பாள். அந்த ஆட்கள் அப்போது பெரியநீலாவணைப் பக்கமோ, காரைதீவுப் பக்கமோ, வீட்டுக்குப் போகிற வழியில் எங்கேயாவது இருப்பார்கள். அவர்களுக்கு அது கேட்காது. கடைசிப் பெயர் முடியும்வரை அந்த இயந்திரம் அடுத்த வேலை எதையும் அவளிடம் கேட்காமல் இருக்கும்.